சண்டை விளையாட்டுக்கு ஆர்கேட் ஸ்டிக்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 மாதிரியான சண்டை விளையாட்டுகளை ஆடத் தொடங்கிய நண்பர்கள், ஒன்றிரண்டு மாதம் போனதும் வந்து கேட்பது ஒன்றுதான்: "ஸ்டிக் வாங்கலாமா? எதை வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கில் லீவரும் பட்டனும் தேயும் பொருள்கள், சைக்கிளுக்கு டயரும் பிரேக் கட்டையும் மாதிரி. நின்று உழைப்பது பெட்டியும் அதற்குள் இருக்கும் போர்டும் (மின்சுற்றுப் பலகை)தான். அதனால் பெட்டியைத் திறக்க வருகிறதா, உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு மாட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். நிறம், விளக்கு, மேலே ஒட்டிய படம் எல்லாம் அப்புறம்.

ஆர்கேட் ஸ்டிக் என்பது சாதாரண ஜாய்ஸ்டிக்தானே?

இல்லை. விமான விளையாட்டுக்கு வரும் ஜாய்ஸ்டிக், எவ்வளவு சாய்க்கிறோம் என்பதை அளக்கும். ஆர்கேட் லீவருக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. அதன் அடியில் மேல், கீழ், இடது, வலது என்று நான்கு மைக்ரோ சுவிட்ச்கள் இருக்கும். நேராகச் சாய்த்தால் ஒன்று அழுந்தும். மூலைக்குச் சாய்த்தால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சேர்ந்து அழுந்தும். ஆக எட்டுத் திசை, அவ்வளவுதான். வலது பக்கம் ஆறு அல்லது எட்டுப் பெரிய பட்டன்கள்.

இந்த அமைப்பு காசு போட்டு ஆடும் இயந்திரங்களிலிருந்து வந்தது. கேப்காம் 1987-ல் விட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு வகை இயந்திரத்தில், ஓங்கி அடிக்க அடிக்க பலமான குத்து விழுகிற ரப்பர் திண்டுகள் இருந்தன. அது சரிப்பட்டு வராமல் ஆறு பட்டனுக்கு மாறினார்கள்: குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அந்த ஆறு பட்டனை ஊர் உலகமெல்லாம் பழக்கிவிட்டது. இன்று நாம் மடியில் வைத்து ஆடுவது, அந்த இயந்திரத்தின் மேல்பலகையை மட்டும் தனியாக எடுத்து வந்த மாதிரிதான்.

ஸ்டிக் வாங்கினால் என் ஆட்டம் முன்னேறுமா?

ஸ்டிக்கினால் மட்டும் முன்னேறாது. 2014-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற உலகச் சண்டை விளையாட்டுப் போட்டியில், அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தைப் பிரான்ஸின் லஃபி ஜெயித்தார். அவர் கையில் இருந்தது முதலாம் பிளேஸ்டேஷனின் பழைய பேட், அதாவது கன்சோலோடு வரும் சாதாரணக் கைக்கருவி. அன்று எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் விலை உயர்ந்த ஸ்டிக் வைத்திருந்தவர்கள். பேடில் ஆடி உலக அளவில் ஜெயிக்க முடியும் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.

அப்படியென்றால் யார்தான் வாங்க வேண்டும்?

பேடில் திசைக்கு இடது கட்டைவிரல், ஆறு பட்டனுக்கு வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரல்களும் என்று வேலை பங்கிடப்பட்டிருக்கும். இரண்டு மணி நேரம் ஆடினால் கட்டைவிரல் நுனி சிவந்து எரிகிறதா? கனமான குத்தையும் கனமான உதையையும் ஒன்றாக அழுத்த நினைத்து ஒன்று விட்டுப்போகிறதா? அப்படி இருப்பவர்களுக்கு ஸ்டிக் நிஜமாகவே உதவும். அதில் திசைக்கு மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து வேலை செய்யும். வலது கையின் ஒவ்வொரு விரலுக்கும் ஆர்மோனியக் கட்டை போலத் தனி இடம் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை: ஸ்டிக்கில் ஆடுவது சுகமாக இருக்கிறது. ஹடோக்கன் என்ற நெருப்புப் பந்தைப் போடும்போது கீழிருந்து முன்னுக்கு லீவர் உருண்டு போய் 'டக்' என்று நிற்பதும், அதே நொடியில் வலது கை விழுவதும் பேடில் கிடைக்காத நிறைவு. அதற்காக மட்டுமே வாங்கினாலும் தவறில்லை.

ஜப்பானிய லீவர், கொரிய லீவர் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

உங்கள் இடது கைக்கு எது ஒத்துவரும் என்பது இங்கேதான் முடிவாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானிய லீவரில் பெயர் பெற்றது சான்வாவின் ஜேஎல்எஃப். மேலே 35 மி.மீ. உருண்டை, உள்ளே ஒரு ஸ்பிரிங், அடியில் லீவர் எதுவரை சாயலாம் என்று வரம்பு போடும் பிளாஸ்டிக் தட்டு. இந்தத் தட்டுக்குத்தான் கேட் என்று பெயர். இந்த லீவர் லேசாகத் தொட்டாலே நகரும். இன்னொரு ஜப்பானிய நிறுவனமான செய்மிட்சுவின் எல்எஸ்-32 இதைவிடச் சற்று விறைப்பு. ஹோரி தன் ஸ்டிக்குகளில் ஹயபுசா என்ற சொந்த லீவரைப் போடுகிறது.

கொரிய லீவரில் ஸ்பிரிங் கிடையாது. தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இறுகப் பிடித்திருக்கும். கையை எடுத்த அடுத்த கணம் நடுவுக்கு வந்து நின்றுவிடும், ஆடாது. மேலே உருண்டைக்குப் பதிலாக மேலே பருத்துக் கீழே ஒடுங்கிய குமிழ். தட்டு வரம்பும் இல்லாததால் சுற்றும்போது மூலை எதுவும் தட்டுப்படாது.

டெக்கன் ஆடுபவர்கள் கொரிய லீவரைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அந்த விளையாட்டில் பின்னால் நகர 'கொரியன் பேக்டேஷ்' என்ற ஒரு முறை இருக்கிறது: பின், பின், உடனே கீழ்-பின், மறுபடி பின் என்று கை ஓயாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதில் வரும் மிஷிமா குடும்பப் பாத்திரங்களின் 'எலக்ட்ரிக்' குத்துக்கு முன் என்று தட்டி, லீவரை நடுவுக்கு விட்டு, பிறகு கீழ், கீழ்-முன். அந்தக் கடைசித் திசையும் பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்கு. நடுவுக்கு விடுவது இவ்வளவு முக்கியமாக இருக்கும் இடத்தில், தானே பாய்ந்து வந்து நிற்கும் ரப்பர் பெரிய துணை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான் உங்கள் விளையாட்டு என்றால் ஜேஎல்எஃப் மாதிரி ஒன்றில் தொடங்குங்கள். டெக்கன்தான் உயிர் என்றால் கொரிய லீவர் உள்ளே பொருந்தும் ஆழமான பெட்டியாகப் பாருங்கள். அதன் உடல் சற்று நீளமானது, மெலிந்த பெட்டிகளில் அடி இடிக்கும்.

சதுர கேட்டா, எட்டு மூலை கேட்டா?

புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்பது இது. "சதுரமாக இருக்கிறது, உருட்ட வரவில்லை, கேட்டை மாற்றட்டுமா?" என்பார்கள். நான் பொறுக்கச் சொல்வேன்.

சதுர கேட்டில் நான்கு மூலைகளும் நான்கு குறுக்குத் திசைகள். கீழ்-பின் மூலையில் லீவரைச் செருகிவிட்டால் அது அங்கேயே கிடக்கும், கண் பார்க்க வேண்டியதில்லை. கைல் மாதிரி பின்னால் பிடித்து வைத்து முன்னால் தள்ளும் பாத்திரங்களுக்கு இது வரம். எட்டு மூலை கேட்டில் எல்லாத் திசைக்கும் ஒரு பள்ளம் இருக்கும், அதனால் தொடக்கத்தில் நம்பிக்கை வரும். ஆனால் ஒவ்வொரு பள்ளமும் கையைப் பிடித்து இழுப்பதுபோல் சிலருக்குத் தோன்றும். மல்யுத்தக்காரப் பாத்திரமான சாங்கீஃபின் முழுச் சுற்றுப் பிடிக்கு மட்டும் சதுரம் கொஞ்சம் முரடுதான்.

நிஜமான சிக்கல் பெரும்பாலும் கேட்டில் இல்லை. சுவிட்ச் 'கிளிக்' என்று அழுந்துவது லீவர் சுவரில் முட்டுவதற்கு முன்பே. சுவர் வரை ஓங்கித் தள்ளி, அதை உரசிக்கொண்டே சுற்ற வேண்டிய அவசியமே கிடையாது. ஒருநாள் கணினியை அணைத்துவிட்டு, ஸ்டிக்கை மட்டும் மடியில் வைத்து, கண்ணை மூடி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் கிளிக் கேட்கும், அதன் பிறகு சிறு இடைவெளி, அப்புறம்தான் சுவர். கிளிக் கேட்ட இடத்திலேயே திரும்பப் பழகினால் கேட்டின் வடிவம் பாதிக்கு மேல் மறந்துபோகும்.

ஒரு மாதம் பழகியும் ஒட்டவில்லையா, மாற்றுங்கள். ஜேஎல்எஃப் கேட் ஓரத்துக் கொக்கிகளை நெம்பினால் கழன்று வரும், விலையும் குறைவு.

லீவரை எப்படிப் பிடிப்பது?

தண்டை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே விட்டு, உள்ளங்கையை மேல்நோக்கி, கண்ணாடிக் கிண்ணத்தைத் தாங்குவதுபோல் பிடிப்பவர்கள் ஜப்பானிய ஆட்டக்காரர்களில் நிறைய உண்டு. உருண்டையை மேலிருந்து கவிந்து பிடிப்பவர்களும் உண்டு. கொரியக் குமிழைப் பெரும்பாலும் விரல் நுனிகளால் பிடிப்பார்கள். எப்படியானாலும் சரி, இறுக்கிப் பிடிக்காதீர்கள். அரை மணி நேரத்தில் முன்கை கடுக்கிறதென்றால் இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பட்டனில் என்ன பார்க்க வேண்டும்?

அளவு. ஆடும் பட்டன்கள் 30 மி.மீ., ஓரத்தில் இருக்கும் ஸ்டார்ட் மாதிரியான சிறு பட்டன்கள் 24 மி.மீ. என்பது பொது வழக்கம். இந்த அளவுள்ள ஓட்டை இருந்தால் பின்னாளில் எந்த நிறுவனத்தின் பட்டனையும் போட்டுக்கொள்ளலாம். சான்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், விரல் பட்டாலே அழுந்தும் ரகம். விரலை மேலே வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் இருந்தால் தவறுதலாக அழுந்தும், அவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியான பட்டன் நல்லது.

ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர்தான் வரும். பட்டனின் இரண்டு உலோகக் கால்களில் எதில் எதைச் செருகினாலும் வேலை செய்யும். மலிவான சில ஸ்டிக்குகளில் பட்டனுக்குப் பதில் ரப்பர் திண்டு வைத்த போர்டு இருக்கும், அல்லது வயரை நேராகப் பற்றவைத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுங்கள்.

ஆறு பட்டன் போதுமா, எட்டு வேண்டுமா?

எட்டு வாங்குங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு ஆறு பட்டன் கட்டாயம். மிச்சமிருக்கும் இரண்டில், இல்லாவிட்டால் இரண்டு பட்டன் சேர்த்து அழுத்த வேண்டிய டிரைவ் இம்பாக்டையும் (பலமான தாக்குதல்) டிரைவ் பாரியையும் (தடுப்பு) வைத்துக்கொள்ளலாம். எதிராளியின் இம்பாக்டைப் பார்த்துத் திருப்பி அடிக்க ஒரே பட்டன் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது ஆடினால் தெரியும். டெக்கனுக்கு நான்கும், கில்டி கியர் ஸ்ட்ரைவுக்கு ஐந்தும் அடிப்படை.

என் பிஎஸ்5-ல், எக்ஸ்பாக்ஸில், கணினியில் வேலை செய்யுமா?

பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள்.

கணினியில் தொல்லை இல்லை. ஏறக்குறைய எல்லா ஸ்டிக்கும் செருகியவுடன் ஓடும். பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் சோனியின் உரிமம் பெற்ற, 'பிஎஸ்5' என்றே அச்சிட்ட ஸ்டிக்கை வாங்குவது நிம்மதி. பழைய பிஎஸ்4 ஸ்டிக் கைவசம் இருந்தால் அது விளையாட்டைப் பொறுத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அதை ஏற்றுக்கொள்கிறது, எல்லா விளையாட்டும் அப்படியல்ல. உரிமம் இல்லாத போர்டுகள் பிஎஸ்4-ல் செருகியதும் நன்றாக ஓடுவதுபோல் ஓடி, 8 நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 2023 நவம்பரிலிருந்து உரிமம் இல்லாத சாதனங்களைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. முன்பு வேலை செய்தது என்று யாராவது சொன்னால் எப்போது வேலை செய்தது என்று கேளுங்கள்.

மேஃபிளாஷ் எஃப்300 மாதிரி சில ஸ்டிக்குகளில், கன்சோலின் அசல் பேடைப் பின்னால் செருகி அதன் அடையாளத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பெட்டி நல்லதாக இருந்து போர்டு மட்டும் பழையது என்றால், ப்ரூக் போன்ற நிறுவனங்கள் பல கன்சோல்களுக்குப் பொதுவான போர்டு விற்கின்றன. பெட்டி திறக்க வந்தால் இதையும் மாற்றிக்கொள்ளலாம்.

வயர் இல்லாத ஸ்டிக் வாங்கலாமா?

வீட்டில் ஆட வாங்கலாம், ஆனால் கேபிள் செருகியும் ஆட வசதி இருக்கட்டும். போட்டிகளில் கேபிள்தான் கேட்பார்கள். இணைப்பு விட்டுப்போகாத நிதானம் கேபிளில் இருக்கிறது.

லீவரே இல்லாத பெட்டி என்கிறார்களே, அது என்ன?

லீவர்லெஸ். ஹிட்பாக்ஸ் என்ற நிறுவனம் பிரபலமாக்கியதால் பலர் அந்தப் பெயரிலேயே சொல்வார்கள். இடது, கீழ், வலது மூன்றும் இடது கை விரல்களுக்கு. மேலே குதிக்க, கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு பெரிய பட்டன். லீவர் ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போக வேண்டும், விரலுக்கு அந்தப் பயணம் இல்லை. அதனால் வேகமும் துல்லியமும் கூடுதல். இப்போது மேல்மட்டத்தில் ஆடுபவர்களில் நிறையப் பேர் இதற்கு மாறிவிட்டார்கள்.

லீவரில் முடியாத ஒன்று இதில் முடியும்: இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்துவது. அப்போது விளையாட்டுக்கு எது போக வேண்டும் என்பதைப் போர்டு முடிவு செய்யும். கேப்காமின் புரோ டூர் போட்டிகளில் எதிரெதிர்த் திசைகள் சேர்ந்தால் எதுவும் போகக் கூடாது, நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கும் பெட்டியில் இதை அமைத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

குறைந்த செலவில் தொடங்க இன்று இதுதான் வழி. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மென்பொருளை ஏற்றிச் செய்த மெல்லிய பெட்டிகள் நிறைய வருகின்றன. ஹாட்42 அப்படி ஒன்று. கணினியில் ஆடுபவர்களுக்கு அது தாராளமாகப் போதும். விசைப்பலகையில் சண்டை விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

லீவர் சுகம் வேண்டுமா, விரல் துல்லியம் வேண்டுமா என்பது உங்கள் கை சொல்ல வேண்டியது. யாராவது நண்பரிடம் இரண்டும் இருந்தால் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் கையில் அதிகப் பணம் இல்லை. எதில் தொடங்க?

நல்ல பாகங்களோடு வரும் பெரிய ஸ்டிக்கை ஒரேயடியாக வாங்க முடியாதபோது, சாதாரண பாகங்கள் போட்ட, ஆனால் சான்வா அளவு ஓட்டைகளும் லீவர் பூட்டும் இடமும் உள்ள பெட்டியை வாங்குங்கள். மேஃபிளாஷ் எஃப்300, 8பிட்டூவின் ஸ்டிக் இரண்டும் அந்த ரகம். மூன்று மாதம் கழித்து லீவர், அடுத்த பண்டிகைக்குப் பட்டன் என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். பணம் இருக்கிறவர்களுக்கு ஹோரியின் ஃபைட்டிங் ஸ்டிக் ஆல்ஃபா எனக்குப் பிடித்த அமைப்பு, பெட்டி டிபன் பாக்ஸ் மாதிரி மேலே திறக்கும். க்வான்பா அப்சிடியனில் சான்வா பாகங்கள் போட்டே வரும்.

பழைய ஸ்டிக் வாங்கலாமா?

வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன். ஒருமுறை படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். வந்தது பளபளவென்றிருந்தது. ஆனால் ஐந்து தடவைக்கு ஒரு தடவை வலது திசை விழவில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்து பத்து நாள் பயிற்சி எடுத்தேன். கடைசியில் திறந்து பார்த்தால் ஒரு மைக்ரோ சுவிட்சின் நெம்பு வளைந்திருந்தது.

அதனால் விற்பவரிடம் ஒரு காணொளி கேளுங்கள். பயிற்சி அறையில், திரையில் உள்ளீடு தெரியும்படி வைத்து, எட்டுத் திசையும் எல்லாப் பட்டனும் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தினால் திரையில் இரண்டு முறை விழுகிறதா என்று பாருங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்ச், பட்டன், கேபிள் பழுது எல்லாம் சின்னச் செலவு. போர்டு பழுதென்றால் வேண்டாம்.

எடை முக்கியமா?

மிக முக்கியம். மடியில் வைத்து ஆடும்போது லேசான பெட்டி லீவரோடு சேர்ந்து நகரும். 2 கிலோவுக்கு மேல் இருந்தால் நகராது. தரையில் சம்மணமிட்டு ஆடுபவர்கள் அடியில் மெத்தென்ற திண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லேசான பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டால், மேசை மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ராத்திரியில் சத்தம் வருமா?

வரும். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குக் கேட்கும். சான்வாவின் ஓபிஎஸ்எஃப்எஸ்-30 சத்தம் குறைந்த பட்டன், அதே ஓட்டையில் பொருந்தும்.

நானே திறந்து லீவரை மாற்ற முடியுமா?

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர் போதும். அடித்தகட்டைக் கழற்றுங்கள். லீவர் தண்டின் அடிநுனியில் ஒரு வெட்டு இருக்கும். அதில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் உருண்டையைத் திருகினால் கழன்று வரும். பிறகு ஐந்து வயர் உள்ள இணைப்பை உருவி, நான்கு ஸ்க்ரூவை எடுத்தால் லீவர் கையோடு வந்துவிடும். புதியதைப் போடும் முன் பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் மேல் அழுத்தினால் வலது போகும்.

ஸ்பிரிங்கை மாற்றவோ மசகு போடவோ லீவரையே பிரிக்கிறீர்கள் என்றால், தண்டின் கீழே ஒரு சின்ன இ-கிளிப் இருக்கும். நகத்தளவுதான். நெம்பியவுடன் ஸ்பிரிங் அதை எறிந்துவிடும். என்னுடையது பீரோவுக்கு அடியில் போய், இரண்டு நாள் ஸ்டிக் பிரிந்தே கிடந்தது. இப்போதெல்லாம் தாம்பாளத்தில் ஒரு பழைய துண்டை விரித்து, கிளிப் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நெம்புகிறேன்.

கை பழக எவ்வளவு நாள் ஆகும்?

முதல் வாரம் பேடில் ஆடியதைவிட மோசமாக ஆடுவீர்கள். மூன்று நான்கு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். அந்த நாட்களில் பேடை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினால் எதுவும் ஒட்டாது. தரவரிசை ஆட்டம் வேண்டாம். தினமும் இருபது நிமிடம், இடமும் வலமும் நின்று கால்பங்கு வட்டம் (ஹடோக்கனுக்கு லீவரை உருட்டுவது), பிறகு ஷோர்யுக்கன் என்ற எகிறிக் குத்து, பிறகு நீங்கள் நிஜமாக ஆடும் இரண்டே இரண்டு காம்போ (தொடர் அடி). வலது பக்கம் நின்று செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

போட்டிக்கு எடுத்துப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆப்ஷன்ஸ், ஹோம் பட்டன்களைப் பூட்டும் ஒரு சிறு சுவிட்ச் பெரும்பாலான ஸ்டிக்குகளில் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைப் பூட்டுங்கள். ஆட்டத்தின் நடுவில் தவறி ஸ்டார்ட் பட்டு இடைநிறுத்தமானால் அந்தச் சுற்றையே இழக்க வேண்டிவரும் என்பது பல போட்டிகளில் இருக்கும் விதி.

பையில் வைக்கும்போது லீவர் தலை அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தின் மேல்தட்டில் ஒரு பெட்டி அதன் மேல் சாய்ந்தால் தண்டு வளைந்துவிடும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் இரண்டாகக் கழலும் தண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், தலைப்பகுதியை மட்டும் உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே செருகினால் ஆட்டத்துக்குத் தயார்.